சேலைக்குப் போய்ப் பம்பு வாங்கி வந்தவருக்கு

ஏனுங்க,

நீங்கள் தோளில் சுமந்து மருந்தடித்த பித்தளைப் பம்பில் இப்போது பிளாஸ்டிக் ரோஜா வைத்திருக்கிறார்கள். நம் மருமகளின் வேலை. பரணில் கிடந்ததை இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று முன்கூடத்தில் நிறுத்திவிட்டாள். வருகிறவர்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்து, எந்தக் கோயில் வாசலில் வாங்கியது என்று கேட்கிறார்கள். போன வாரம் வந்த ஒரு அம்மாள் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எல்லோரும் போன பிறகு பூவை எடுத்துவிட்டு உள்ளே மூக்கை வைத்துப் பார்த்தேன். இத்தனை வருசம் கழித்தும் அடியில் அந்த மருந்து வாடை இருப்பது போலத்தான் இருந்தது. பினாயிலும் இல்லாமல் மண்ணெண்ணெயும் இல்லாமல் நடுவில் ஒரு வாடை. உடனே உங்கள் மேல் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் உங்களிடம்தான் சொல்லிப் பழக்கம், அதனால் எழுதுகிறேன்.

நமக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருசம் அது. அறுபதுகளின் தொடக்கம். பெரிய வீட்டில் அத்தனை பேருக்கும் ஒரே அடுப்பு. உங்கள் அண்ணி, அதாவது என் மூத்த ஓரகத்தி, எண்ணெய் இருக்கும் அறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ராஜ்ஜியம் நடத்திக்கொண்டிருந்தார். எனக்கு அரைக்கிற வேலை, கழுவுகிற வேலை, 'சரிங்க்கா' என்கிற வேலை. இன்றைக்கு என்ன குழம்பு என்று ஒரே ஒரு நாளாவது நான் முடிவு செய்ய வேண்டும். வேறு எதற்கும் நான் ஆசைப்படவில்லை. அதை உங்கள் காதில் போட்டுப் போட்டு, நீங்கள் அதை உங்கள் அப்பா காதில் போட, மாமா கடைசியில் இறங்கி வந்தார்.

"கெணத்து மேட்டுத் தோட்டத்துச் சாளையில போயி இருங்க. ஒரு போகம் வெங்காயம் வெச்சு எடுங்க. பெரிய ஊட்டாளுக ஒருத்தரும் ஒத்தாசைக்கு வரமாட்டாங்க. வெள்ளாமை வந்துச்சுன்னா அங்கயே பொங்கித் தின்னுங்க. வரலீன்னா சட்டிபானையைத் தூக்கிக்கிட்டு இங்கயே வந்தரோணும்."

சாளை என்றால் என்ன, ஓலை வேய்ந்த ஒற்றை அறை. மூன்று கல் வைத்து அடுப்பு. எனக்கு அது அரண்மனையாக இருந்தது.

குடிபோன சந்தோசத்தில், "சேலத்துக்குப் போயி உனக்கு இளம்பிள்ளைத் தறிச் சேலை எடுத்தாரேன்" என்று கிளம்பினீர்கள். அந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது தோளில் துண்டு சுற்றிய ஒரு பெரிய பொருள். சேலையை இவ்வளவு பெரிதாகவா மடிப்பார்கள் என்று நான் ஓடி வந்து பிரித்தால், பித்தளைப் பம்பு. கூடவே ஒரு டப்பா வெள்ளைப் பொடி.

"இதென்னுங்க?"

"சேலையை விட ஒசத்தி. களைக்கொல்லி. சேலத்துல கூட்டம் போட்டு ஒரு ஆபீசர் காட்டுனாரு. தண்ணியில கலக்கி அடிச்சா களை தானாச் செத்துப்போவுது. இனிமே நம்ம தோட்டத்துல ஒருத்தரும் குனிய வேண்டாம்!"

அதோடு விட்டிருக்கலாம். மறுநாளே பாவாயியை வழியில் நிறுத்திச் சொல்லிவிட்டீர்கள். ஒவ்வொரு போகமும் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு களை வெட்ட வரும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. வெட்டிய களையில் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை எல்லாம் கிடக்கும் அல்லவா, அதைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு போவார்கள். அவர்கள் வீட்டில் அன்றைய குழம்பு அதுதான். அவர்கள் கேட்டு எடுப்பதும் இல்லை, நம் பக்கத்தில் யாரும் தடுப்பதும் இல்லை.

"இந்த வருசம் நீங்க யாரும் வர வேண்டாம் பாவாயி. மருந்தே பாத்துக்கும்" என்றீர்கள்.

"ஆவட்டுமுங்க பண்ணாடி. வெங்காயத்தையும் அதே புடுங்கி அதே கட்டிப்போடுமான்னு ஒரு வார்த்தை கேட்டு வெய்யுங்க" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

உழுது, தண்ணீர் கட்டி, களையைத் தளதளவென்று முளைக்க விட்டு, நடவுக்கு முன்னால் மருந்தடித்தீர்கள். ஈரத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பம்பும் கையுமாக நீங்கள் நடந்த நடையில் நம் நாய்க்கே உங்களை அடையாளம் தெரியவில்லை. தோட்டத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை குரைத்துக்கொண்டே பின்னால் வந்தது. இரண்டு நாளில் செடியெல்லாம் முறுக்கிக்கொண்டு கோணல்மாணலாக நின்றது. எட்டிப் பார்த்த மாமா, "என்றா இது, களையெல்லாம் சாமியாடுது?" என்றார். "சாவறதுக்கு முந்தி அப்புடித்தானுங்ப்பா ஆடும்" என்று நீங்கள் பெருமையாகச் சொன்னீர்கள். உண்மையிலேயே செத்தது.

ஆனால் மருந்தடித்த அன்றைக்குக் காற்று இருந்தது. சாளைக்குப் பக்கத்தில் நான் ஆசையாக ஏற்றிவிட்ட சுரைக்கொடியும் முறுக்கிக்கொண்டது. அத்தை வந்து பார்த்துவிட்டு, "தனிக்குடித்தனம் வந்ததுல எவளோ கண்ணு வெச்சுட்டா" என்று மிளகாயைச் சுற்றி நெருப்பில் போட்டார். எந்தப் பம்பின் கண் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். நீங்களோ குனிந்து அந்த நெருப்பை ஊதிக்கொடுத்துவிட்டு, பக்தியாக இருமினீர்கள். இதை நான் இன்னும் மறக்கவில்லை.

மருந்து மண்ணில் ஆறும்வரை பொறுத்து, திரும்ப உழுது, பாத்தி கட்டி, வெங்காயம் ஊன்றினோம். இரண்டு தண்ணீர் பாய்ந்ததும் கோரை வந்தது. அதன் கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. அருகம்புல்லும் கூடவே வந்தது. மருந்து கீரையைக் கொன்று, கோரைக்கு இடத்தைக் காலி செய்து கொடுத்திருந்தது. "ரெண்டாந்தரம் அடிச்சாச் சரியாப் போவும்" என்று ஒரு பாத்தியில் அடித்துப் பார்த்தீர்கள். வெங்காயத்தாள் படுத்துக்கொண்டது. கோரை நுனியில் லேசாக மஞ்சளானதோடு சரி.

அப்புறம் என்னிடம்கூடச் சொல்லாமல் கொத்தை எடுத்துக்கொண்டு இறங்கினீர்கள். நானும் வந்தேன். நாம் நாலு பாத்தி முடிப்பதற்குள் முதல் பாத்தி மறுபடி பச்சையாகி இருந்தது. மூன்றாம் நாள் உங்களுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒருத்தரும் குனிய வேண்டாம் என்று சொன்ன மனுசனுக்கு நிமிர முடியவில்லை. விளக்கெண்ணெய் போட்டுத் தேய்க்கும்போது நான் சிரித்துவிட்டேன், நீங்கள் கோபித்துக்கொண்டீர்கள். சிரித்துக்கொண்டே, மிச்சம் எத்தனை பாத்தி என்று மனசுக்குள் எண்ணினேன். இந்தப் போகம் போனால் அந்த மூன்று கல் அடுப்பும் போய்விடும். திரும்பவும் அந்தச் சாவிக்கு முன்னால் போய்க் கிண்ணத்தை நீட்ட வேண்டும்.

அதனால்தான் பாவாயியைத் தேடிப் போனேன். கம்பு குத்திக்கொண்டிருந்தாள். உலக்கையை நிறுத்தவே இல்லை.

"கீரையெல்லாம் கொன்னுபோட்டு, கோரையை மட்டும் வெட்ட வரச் சொல்றீங்களா அம்மிணி? அந்திக்கு என்ற புள்ளைகளுக்கு என்னத்தை ஊத்தறது, பம்புத் தண்ணியவா?"

குத்திக்கொண்டே நிபந்தனையும் போட்டாள்: "கெழக்கோரத்துப் பாத்திக்கு எந்தக் காலத்துலயும் மருந்து காட்டப்படாது. அதுல மொளைக்கறது எங்களுது. அப்பறம், பண்ணாடி நேர்ல வந்து கூப்புடோணும்."

இதை வந்து சொன்னதும் நீங்கள் படுத்தபடியே குதித்தீர்கள். "என்ற தோட்டத்துல களைக்குன்னு ஒரு பாத்தி உடச் சொல்றாளா? ஊரே சிரிக்கும்!"

அடுப்பில் தண்ணீரை ஊற்றினேன். சட்டிபானையைக் கழுவி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினேன். பழைய சேலையில் மூட்டையாகக் கட்டினேன்.

"எங்க பொறப்பட்டே?"

"பெரிய ஊட்டுக்குங்க. வெள்ளாமை போனதுக்கு அப்பறம் போறதை விட இப்பவே போனா, அக்கா ரெண்டு பேச்சுக் கொறைச்சுப் பேசுவாங்க."

மூட்டையைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். சுவரைப் பிடித்து எழுந்து, தடியை ஊன்றிக்கொண்டு, இடுப்பு மடங்கினபடியே வாசலைத் தாண்டிப் போனீர்கள். நான் பின்னாலேயே வந்தேன். பாவாயி வீட்டு முன்னால் நீங்கள் அப்படியே குனிந்து நின்றதைப் பார்த்து அவள் பதறிப் போனாள்.

"அய்யோ, இத்தனை குனிஞ்சு கும்புடோணுமுங்களா பண்ணாடி! நாளைக்கே வாரமுங்க!"

அது கும்பிடு இல்லை, இடுப்பு வலி என்று சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை. அந்தத் தெருவில் அன்று முதல் உங்களுக்கு இருந்த மரியாதை வேறு.

அவர்கள் இரண்டு தடவை வெட்டிக் கொடுத்தார்கள். கிழக்கோரத்துப் பாத்தியில் முளைத்த கீரை அவர்கள் மடிக்குப் போனது. பம்பை நீங்கள் வாய்க்கால் கரையோடும், நடவுக்கு முந்தின வெறும் நிலத்தோடும் நிறுத்திக்கொண்டீர்கள். அதுவும் இலை அசையாத விடியலில் மட்டும். மருந்தும் கொத்தும் சேர்ந்தால்தான் களை அடங்கும் என்று அந்தச் சேலத்து ஆபீசர் அன்றைக்கே சொன்னாராம். மருந்தைப் பற்றிச் சொல்லும்போதே நீங்கள் பம்பு வாங்க எழுந்து போய்விட்டீர்களாம். இது உங்கள் வாயிலிருந்து தவறி வர ஒரு வருசம் ஆனது.

அறுவடை நெருங்கும்போது மாமா தீர்ப்புச் சொல்ல வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாத்தி பாத்தியாக நடந்தார். ஒரு வெங்காயக் கொத்தைப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, காயை அமுக்கிப் பார்த்துத் தலையாட்டினார். அடுத்த நிமிடம் கிழக்கோரத்துக்கு வந்தார். முழங்கால் உயரத்துக்குக் களை.

"இதென்ன காடு? செரைக்கத் தெரியாதவன் பாதியில உட்டாப்புல! இதுக்குத்தான் தனியா வந்தீங்களா?"

நீங்கள் பழியைப் பாவாயி மேல் போடுவீர்கள், இல்லை என் மேல் போடுவீர்கள் என்று நினைத்தேன்.

"அது களை இல்லீங்ப்பா. வெட்ட வர்ற ஆளுகளோட கொழம்பு. அது இருந்தாத்தான் அவிய வருவாங்க. அவிய வந்ததாலதான் இந்த வெங்காயம்."

"எவன் சொன்னான்?"

"இவதானுங்க சொன்னா" என்று என்னைக் காட்டினீர்கள்.

அந்தக் காலத்தில் அப்பாவுக்கு எதிரே பெண்டாட்டி பேச்சைக் கேட்டேன் என்று எந்த ஆண்பிள்ளை சொன்னான்? வராத சேலையை நான் அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டேன்.

மாமா சாளையில் வந்து உட்கார்ந்தார். களியும், கடைந்த பண்ணைக்கீரையும் போட்டேன். பாவாயிதான் காலையில் ஒரு கைப்பிடி கீரை கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவும்போது உங்களிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார்: "அடுப்பு இங்கயே இருக்கட்டும் சாமி. பெரிய ஊட்டுக்கும் ஒரு கிண்ணம் குடுத்து உடு." கொடுத்துவிட்டேன். உப்பு கம்மி என்று சொல்லி ஓரகத்தி கிண்ணத்தைத் திருப்பி அனுப்பினார். கிண்ணம் காலியாகத்தான் வந்தது.

நீங்கள் கண்மூடி இரண்டு ஐப்பசி ஆகிவிட்டது. இப்போது நம் பையன், "ஏம்மா நீ மட்டும் பின்னால தனியாப் பொங்கறே? எங்ககூட உண்ணு" என்கிறான். மருமகளைக் குறை சொல்லக் கூடாது, என்ன குழம்பு வைக்கட்டும் என்று என்னைக் கேட்டுத்தான் வைப்பாள். இருந்தாலும் அந்த மூன்று கல் அடுப்பை விட்டு நான் அசையவில்லை. கொல்லையில் ஒரு ஓரம் விட்டுவைத்திருக்கிறேன். மருந்தடிக்க வரும் ஆளிடம், அந்தப் பக்கம் போனால் தெரியும் சேதி என்று மிரட்டி வைத்திருக்கிறேன். முளைப்பதைப் பறித்து நானே கடைந்துகொள்கிறேன். உப்பு இன்னும் கம்மிதான்.

பையனிடம் ஏதேதோ காரணம் சொல்கிறேன். உங்களிடம் சொல்வதற்கு என்ன. நீங்கள் இடுப்பு மடங்கிப் போய் எனக்கு வாங்கிக் கொடுத்த அடுப்பு இது, என் கையால் அணைக்க மனம் வரவில்லை. ஆனால் ஒன்றுங்க. தனியாகப் பொங்க வேண்டும் என்று அன்றைக்கு நான் கேட்டபோது, இரண்டு பேருக்கு என்று சொல்லவில்லை. அதைச் சொல்லவா வேண்டும் என்று இருந்துவிட்டேன்.