ஏப்ரல் முதல் தேதி நீங்கும் பெயர்

மார்ச் 9, திங்கள்

சங்கத்தின் மென்பொருள் காலையில் செய்தி அனுப்பியது. ஏப்ரல் முதல் தேதி குழுப் பட்டியல்கள் தாமாகப் புதுப்பிக்கப்படும். மாற்றங்களை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். பார்த்தேன். நோயாளர் உதவிக் குழுவில் ஒரே ஒரு மாற்றம், என் பெயர்தான். வசந்தகுமாரி அன்பழகன் – நீக்கம். காரணம்: குடும்பத் தலைவரின் உறுப்பினர் தகுதி முடிந்தது.

தகுதி முடிந்ததாம். என் கணவர் இறந்தார் என்று எழுதுவதற்கு அந்த இயந்திரத்தில் ஒரு சொல் கிடையாதா?

மார்ச் 10, செவ்வாய்

நம் சங்கத்தில் உறுப்பினர் என்றால் குடும்பம். குடும்பம் என்றால் ஆண். மற்றவர்கள் 'சார்ந்தோர்'. கப்பலேறி இந்தத் தீவுக்கு வேலைக்கு வந்த தமிழ் ஆண்கள் தொடங்கிய சங்கம்; அந்த நாளில் அப்படி எழுதி வைத்தார்கள், யாரும் மாற்றவில்லை. நானும்தான். அவர் இருந்தவரை என் கண்ணில் படவே இல்லை.

தூரத்துத் தீவுகளிலிருந்து இந்த ஊருக்கு வைத்தியத்துக்கு வரும் நம் ஆட்களைக் கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் எதிர்கொண்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்து, கூட வந்தவர் தங்க ஓர் இடம் பார்த்துக் கொடுப்பது எங்கள் குழுவின் வேலை. ஆளுக்கொரு வாரம். கச்சாலிலிருந்தோ கேம்பல் பேயிலிருந்தோ யாராவது பதிவு செய்தால், அந்த வாரத்துக்குரியவருக்குச் செய்தி போகும். அவர் போய்விட்ட ஆகஸ்டுக்குப் பிறகு நான் புடவை மாற்றிக்கொண்டு வெளியே கிளம்புவது அதற்கு மட்டும்தான்.

மார்ச் 14, சனி

தலைவர் பொன்னுத்துரை வீட்டுக்கு வந்தார். டீயைச் சத்தம் வரக் குடித்தார்.

"அக்கா, சிஸ்டம்தானே, சொன்னா கேக்கும். ரவிக்குமார்கிட்ட சொல்லித் தேதியத் தள்ளி வெச்சுட்டா முடிஞ்சுது. ஃபிகர் மத் கரோ, கவலப்படாதீங்க."

"இதுபோல் பெயர் போன மற்றவர்களுக்கும் தள்ளி வைத்தீர்களா?"

"மத்தவங்களும் நீங்களும் ஒண்ணா?"

போன வருடப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று பேசியவள் நான். மெயின்லேண்டுக்குப் போய்விட்டவர்கள் பெயரெல்லாம் மரியாதைக்காகப் பட்டியலில் தொங்குகிறது, தேதி வந்தால் பெயர் தானாகப் போகட்டும், முகம் பார்க்காத ஓர் இயந்திரத்திடம் கொடுங்கள் என்றேன். கைதட்டினார்கள். இப்போது என் முகத்தைப் பார் என்று அதனிடம் கெஞ்சுவதா? நான் படித்த கான்வென்ட்டில் சலுகை கேட்டவள் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். நான் ஒரு நாளும் போனதில்லை.

வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 15, ஞாயிறு

அருண்பிரசாத் சென்னையிலிருந்து பேசினான். "என் பேருக்குக் கீழ போட்டுக்கலாம்மா. ரெண்டு நிமிஷ வேலை. இதுக்குப் போய் ஏம்மா இவ்வளவு..."

என் வயிற்றில் பிறந்தவனுக்குக் கீழே நான். போனை வைத்துவிட்டேன். தனியாக உறுப்பினராகச் சேரலாம். ஆனால் புதியவர்கள் மூன்று வருடம் எந்தக் குழுவிலும் இருக்க முடியாது. எனக்கு எழுபத்தாறு.

மார்ச் 27, வெள்ளி

மறுபடி பட்டியலைத் திறந்து பார்த்தேன். என் பெயரை எடுக்கிறது, சரி. அந்த இடத்தில் வேறு பெயரைப் போடவில்லை. ஏப்ரல் இரண்டாம் வாரம் காலி. காலியான கட்டத்தைப் பார்த்து எந்த இயந்திரம் யாருக்குச் செய்தி அனுப்பும்?

மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் ரவிக்குமாருக்குத் தெரியவில்லை. குழுவில் புதிதாகச் சேர்ந்த திவ்யாவுக்கும் தெரியவில்லை. தெரியட்டும். நான் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களே வந்து கேட்கட்டும்.

ஏப்ரல் 1, புதன்

என் கடவுச்சொல்லை ஏற்கவில்லை. யாரும் போனில் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

போன் ஒலித்தது. காஸ் சிலிண்டர்க்காரர்.

ஏப்ரல் 9, வியாழன்

நேற்றுக் கப்பலில் கச்சாலிலிருந்து ஒச்சம்மா என்று ஒருத்தி வந்திருக்கிறாள். ரப்பர் எஸ்டேட் குடும்பம். சர்க்கரை நோய், காலில் புண். பெயர் பதிந்திருக்கிறார்கள். சங்கத்து ஆள் வருவார் என்று புருஷன் முருகையாவும் அவளும் மழையில் ஜெட்டியிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், இருட்டும் வரை. அவள் மயங்கி விழுந்த பிறகு யாரோ ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் விட்டார்களாம்.

திவ்யா போனில் அழுதாள். "ஆண்ட்டி, சச் மே, நெஜமாவே எனக்கு மெசேஜே வரல. அந்த வாரத்துல யாருமே இல்ல ஆண்ட்டி. எப்படி ஆச்சுன்னே தெரியல."

எனக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியும். நான் அவளிடம் சொல்லவில்லை. தண்ணீர் குடி என்றேன். தண்ணீர் குடி என்றேனே – என்ன பொம்பளை நான்?

ஏப்ரல் 11, சனி

ஒச்சம்மாவின் காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

சாப்பிடப் பிடிக்கவில்லை. சமைக்கவில்லை. அவர் படத்தின் பக்கம் போகவில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். சங்கத்து அட்டை செல்லாது என்று வாசலில் நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் பார்வையாளர் வரிசையில் வா என்றான் காவலாளி. "மாதாஜி, பேஷண்ட் ஆப்கா கௌன் லக்தா ஹை?" அவள் உனக்கு என்ன உறவு என்று கேட்கிறான். "கோயி நஹீ" என்றேன். யாருமில்லை.

வரிசையில் நின்று உள்ளே போனேன். முன்னாலேயே வந்திருந்தால் விரல்கள் தப்பியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். தப்பியிருக்கும் என்றாவது சொல்லியிருக்கலாம், இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம். இனி சாகும்வரை இந்தச் 'சொல்ல முடியாது'தான் எனக்கு.

ஒச்சம்மா என்னைவிடச் சின்னவள். எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"சங்கத்துலருந்து வந்தீங்களாம்மா?"

"இல்லை."

"அப்ப யாருங்கம்மா நீங்க?"

"அன்றைக்கு வரவேண்டியவள்" என்றேன்.

முருகையா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள்தான், "ஒக்காருங்க, நிக்காதீங்க" என்றாள். அது திட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஏப்ரல் 18, சனி

பொன்னுத்துரையிடம் எல்லாவற்றையும் சொன்னேன், காலிக் கட்டத்தை முன்பே பார்த்ததையும் சேர்த்து. "நீங்களா அக்கா?" என்று மட்டும் கேட்டார். இந்த முறை டீ குடிக்கவில்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

புதிய உறுப்பினர் விண்ணப்பம் கொடுத்தேன். குடும்பத் தலைவர்: வசந்தகுமாரி. சார்ந்தோர்: ஒரு கோடு போட்டேன். குழுப் பணிக்குத் தகுதி பெறும் ஆண்டு 2029 என்று ரசீதில் அச்சாகியிருக்கிறது. அதுவரை இருப்பேனா என்பது மென்பொருளின் கவலை அல்ல.

ஏப்ரல் 27, திங்கள்

ரவிக்குமாருக்குப் போன் செய்தேன். மே மாதப் பட்டியலை வாரம் வாரமாகப் படிக்கச் சொன்னேன். என்னால் இனி அதைத் திறக்க முடியாது. மூன்றாம் வாரத்தில் வந்து நின்றான்.

"இங்க காலியா இருக்கு, மேடம். அது உங்க வாரம்."

"வேறு பெயரைப் போடு."

"சரி, நாளைக்கு..."

"இப்போதே போடு. நான் போனைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்."

விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. திவ்யா, என்றான். அவளுடைய எண்ணைப் படிக்கச் சொன்னேன். படித்தான். சரியாக இருந்தது.