நான் எழுதிக் கொடுத்த உதாரணம்

21 ஜனவரி 1981, புதன்

காலையில் ரேடியோவைப் போட்டதிலிருந்து மனசு லேசாக இருக்கிறது. வாஷிங்டனில் புதிய ஜனாதிபதி நேற்றுப் பதவி ஏற்றுவிட்டார். அரசாங்கம் மக்கள் தலையில் உட்கார்ந்திருக்கிறது, அதை இறக்கி வைக்கப் போகிறேன் என்கிற மாதிரி பேசியிருக்கிறார். இருபது வருஷமாக நான் கோயமுத்தூரில் இதைச் சொன்னபோதெல்லாம் எல்லாரும் என்னைப் பணக்காரன் பக்கம் பேசுகிறவன் என்று கிண்டல் செய்தார்கள். நானா பணக்காரன்!

டெஹ்ரானில் பிடித்து வைத்திருந்த அமெரிக்கர்களையும் நேற்றே விட்டுவிட்டார்கள். ஷார்ஜா ஒர்க்‌ஷாப்பில் டாசன் எல்லாருக்கும் பெப்சி வாங்கிக் கொடுத்தார். டாசன் எங்கள் ஜெனரல் மேனேஜர். ஓக்லஹோமாக்காரர், சாப்பிடும் முன் கண்ணை மூடி ஜெபிக்கிற மனுஷர். பத்மநாபன் என்ற பெயர் அவர் வாயில் நுழையாததால் எனக்கு 'பேட்' என்று நாமகரணம் செய்திருக்கிறார். "பேட், இனி நம்முடைய காலம்" என்றார். 'நம்முடைய' என்றதில் எனக்கு ஒரே குளிர்ச்சி. வெட்கமில்லாமல் எழுதி வைக்கிறேன்.

29 ஜனவரி, வியாழன்

எண்ணெய் விலைக் கட்டுப்பாட்டை ஜனாதிபதி ஒரே கையெழுத்தில் நீக்கிவிட்டார்! என் அண்ணா ஞாபகம் வந்துவிட்டது. பம்ப்செட் பட்டறைக்கு இரும்புக் கோட்டா கேட்டு அவர் எத்தனை ஆபீஸ் வாசலில் நின்றிருப்பார். கோட்டா வந்தபோது பட்டறையைப் பூட்டி ஆறு மாதம் ஆகியிருந்தது. அன்றைக்குத்தான் சர்க்கார் கம்பெனி உத்தியோகத்தை உதறிவிட்டு, இந்தப் பர்மிட் நாட்டில் இனி வேலை பார்ப்பதில்லை என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

நளினிக்கு இதெல்லாம் ஏறுவதில்லை. "ஏனுங்க, அவிய ஊரு பெட்ரோலுக்கு நீங்க எதுக்குங்க குதிக்கறீங்க? பாப்பாவுக்கு ஷூ வாங்கோணும், கெளம்புங்க" என்கிறாள்.

14 பிப்ரவரி, சனி

டாசன் தன் கேபினுக்குக் கூப்பிட்டார். இங்குள்ள அமெரிக்கக் கம்பெனிகள் சேர்ந்து வாஷிங்டனுக்கு ஒரு முறையீடு அனுப்பப் போகின்றனவாம். விஷயம் இதுதான்: வெளிநாட்டில் வேலை பார்க்கிற அமெரிக்கனை அவன் சர்க்கார் இங்கேயும் விடாமல் வரி போடுகிறது. கம்பெனி கொடுக்கிற வீடு, பிள்ளையின் பள்ளிக்கூடம், எல்லாவற்றுக்கும் வரி. கட்டி மாளாமல் கம்பெனிகள் அமெரிக்கர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறு நாட்டவரை வைத்துக்கொள்கின்றன. புதிய நிர்வாகம் காது கொடுக்கும் போலிருக்கிறது. ஒவ்வொரு கம்பெனியும் தன் நிலைமையை எழுதித் தர வேண்டும்.

"உன் இங்கிலீஷ் என்னுடையதைவிடச் சுத்தம், பேட். எழுதித் தருவாயா?"

இதைவிட நியாயமான காரியம் உண்டா! உழைக்கிறவன் பையில் சர்க்கார் கைவிடக் கூடாது, அவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தால் என்ன? உடனே ஒப்புக்கொண்டேன்.

19 பிப்ரவரி, வியாழன்

எழுதி முடித்துவிட்டேன். நன்றாக வந்திருக்கிறது. கோர்ட்டில் வாதாடுகிற மாதிரி எழுதினேன். நடுவில் ஒரு உதாரணம் தேவைப்பட்டது. கற்பனையாக ஒன்று போட்டுப் பார்த்தேன், உப்புச் சப்பில்லை. உண்மைதானே தைக்கும்? எங்கள் ஒர்க்‌ஷாப் மேனேஜர் நாற்காலியையே போட்டேன். எழுபத்தொன்பது வரை அதில் ஒரு அமெரிக்கர் இருந்தார். வரி அவரை ஊருக்கு விரட்டியது. இன்று அதில் ஒரு இந்தியர் இருக்கிறார், மிகத் திறமையானவர். ஆனாலும் இப்படிப் போகிற ஒவ்வொரு நாற்காலியும் அமெரிக்காவுக்கு நஷ்டம் என்று எழுதினேன். பிறகு, அடக்கம் கருதி 'மிக' என்பதை அடித்துவிட்டேன்.

முறையீட்டுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தவன் தியாகராசா, எங்கள் டிராஃப்ட்ஸ்மேன், யாழ்ப்பாணத்துப் பையன். முப்பது வயதிருக்கும். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"சேர், இது உங்கட கதிரை எல்லோ?"

"நாற்காலி ஒரு உதாரணம்தானப்பா."

4 ஜூன், வியாழன்

யாழ்ப்பாணத்தில் நூல்நிலையத்தை எரித்துவிட்டார்களாம். தியாகராசாவின் ஊர் அது. ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று போய், எல்லாவற்றிலும் சர்க்கார் தலையிட்டால் இப்படித்தான், சர்க்கார் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று என் பாட்டையே பாடித் தொலைத்தேன்.

"பொலிஸ் ஒதுங்கி நிண்டுதான் பாத்ததெண்டு சொல்லினம், சேர்" என்றான்.



6 ஆகஸ்ட், வியாழன்

அமெரிக்காவில் விமானங்களுக்கு வழி சொல்கிற கன்ட்ரோலர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜனாதிபதி இரண்டு நாள் கெடு கொடுத்தார், வராதவர்களை ஒட்டுமொத்தமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பதினோராயிரம் பேருக்கு மேல்! கையெழுத்துப் போட்டு வேலைக்குச் சேர்ந்தவன் கையெழுத்துக்குக் கட்டுப்பட வேண்டாமா? நம் ஊரில் ஒரு மந்திரிக்கு இந்தத் தைரியம் வருமா?

நளினி தோசை வார்த்துக்கொண்டே, "அவியளுக்கும் புள்ளைக இருக்குமில்லீங்க?" என்றாள். சட்னி கேட்டேன்.

15 ஆகஸ்ட், சனி

கையெழுத்தாகிவிட்டது! போன வியாழன் கையெழுத்தான பெரிய வரிச் சட்டத்தில் எங்கள் விஷயமும் இருக்கிறது. வருகிற ஜனவரியிலிருந்து இங்கே சம்பாதிக்கிற அமெரிக்கனுக்கு அநேகமாக வரியே இல்லை. டாசன் என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். நான் எழுதியதை ஹெட் ஆபீஸில் பெரிய தலைகள் எல்லாம் படித்தார்களாம்.

நளினியைக் கேசரி கிளறச் சொன்னேன். என்ன விசேஷம் என்றாள். சுதந்திர தினம் என்றேன், அதுவும் உண்மைதானே. பாப்பா ஜெயபாரதி பால்கனியில் நின்று, "ஹாப்பி இண்டிபெண்டன்ஸ் டே" என்று கீழ்வீட்டு மலையாளிப் பிள்ளைகளுக்குக் கத்தினாள். அடுத்த வீடுகளுக்கும் கேசரி போயிற்று.

12 செப்டம்பர், சனி

டாசன் கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார்.

ஜனவரியில் ரஸ்ஸல் என்று ஒருவர் வருகிறார், ஓக்லஹோமாவிலிருந்து. ஒர்க்‌ஷாப் மேனேஜராக. நான் அவருக்கு அசிஸ்டெண்ட். வேலையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அசிஸ்டெண்ட் கிரேடுக்குக் குடும்ப ஃபிளாட் கிடையாது, குடும்ப விசாவும் கம்பெனி எடுக்காது.

ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "பேட், நீயே எழுதியிருக்கிறாயே" என்றார். குத்திக் காட்டவில்லை, பாவம், நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். நாற்காலியை விட்டுக்கொடுக்கச் சம்மதித்துத்தான் நான் எழுதினேன் என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறார். தன்னலம் பாராமல் கொள்கைக்காக எழுதினவன் என்று ஹெட் ஆபீஸில் என்னைப் பற்றிச் சொல்லியும் இருக்கிறார். எனக்காக ஜெபிப்பதாகச் சொன்னார்.

நான் "தேங்க் யூ" என்றேன். எதற்குச் சொன்னேன்?

13 செப்டம்பர்

நளினியிடம் இன்னும் சொல்லவில்லை.

17 செப்டம்பர், வியாழன்

சொல்லிவிட்டேன். எல்லாம், அந்த உதாரணம் உட்பட.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. "அப்பறம் அன்னிக்குக் கேசரி இதுக்குத்தானுங்களா?" என்று கேட்டாள். அப்புறம் எழுந்து போய்ப் பாப்பாவின் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டாள்.

5 அக்டோபர், திங்கள்

அபுதாபியில் ஒரு கம்பெனி என்னைக் கேட்கிறது. மேனேஜர் வேலை, குடும்ப ஃபிளாட். அவர்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: எங்கள் கஃபீல், கம்பெனிக்குப் பொறுப்பு நிற்கிற உள்ளூர் அரபி, 'ரிலீஸ்' கொடுக்க வேண்டும். இவர் பெயரில்தான் எங்கள் எல்லார் விசாவும். ரிலீஸ் இல்லாமல் விட்டுப் போனால் விசா ரத்து, திரும்பி வரவும் தடை.

கௌஸ் முகைதீனைக் கூட்டிக்கொண்டு போனேன். விசா, பாஸ்போர்ட் வேலையெல்லாம் அவர் பொறுப்பு, காயல்பட்டினத்துக்காரர், அரபியில் வெளுத்துக் கட்டுவார். கஃபீல் மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். பேரீச்சம்பழம், சின்னக் கிண்ணத்தில் கஹ்வாக் காப்பி. நான் மூன்று முறை குடித்தேன், போதும் என்றால் கிண்ணத்தை ஆட்ட வேண்டும் என்பதைப் பதற்றத்தில் மறந்துபோய். கௌஸ் நெடுநேரம் பேசினார். கஃபீல் சிரித்தபடியே இல்லையென்று தலையாட்டினார். "மாஃபி ரிலீஸ். காண்ட்ராக்ட் முடியட்டும், இன்ஷா அல்லா."

காண்ட்ராக்ட் முடிய இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது.

வெளியே வந்ததும் கௌஸ், "சார், அவரு ஒரு தடவ மாஃபின்னா மாஃபிதான். வுட்டுருங்க" என்றார்.

டாசனிடம் போய் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். முகம் வாடிவிட்டது அவருக்கு. இது அவர்கள் நாட்டுச் சட்டம், இன்னொரு நாட்டுச் சட்டத்தில் நாம் தலையிடக் கூடாது என்றார். பிறகு மெதுவாக, "நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய், பேட்" என்றார்.

என் வசனம். கன்ட்ரோலர்களுக்கு நான் சொன்ன அதே வசனம்!

6 அக்டோபர்

ஆத்திரம் அடங்கமாட்டேன் என்கிறது. இன்னொரு இடத்தில் போய் வேலை பார்க்க ஒருத்தன் பர்மிட் குடுக்கணும். பர்மிட்டு! இதுக்குப் பயந்துதானடா ஓடி வந்தே, முட்டாப்பயலே. அண்ணனாவது இரும்புக்குத்தான் கோட்டா கேட்டு நின்னான். நான் எனக்கே கோட்டா கேட்டு நிக்கறேன். பாஸ்போர்ட்டு ஆபீஸ் பீரோவுக்குள்ள. கையெழுத்து என்னோடது. எழுதினதும் நான். யாரைப் போய்த் திட்டறது?

20 நவம்பர், வெள்ளி

விடுமுறை நாள். தியாகராசா வந்திருந்தான். அமெரிக்கனுக்கு இரக்கம் காட்டுகிற சட்டம் உங்களைத்தானே கடிச்சது என்று வாதம் பண்ணினான். நான் விட்டுக்கொடுக்கவில்லை. நிதானமாக யோசித்துப் பார்த்தேன்: அந்தச் சட்டம் சரிதான். இப்போதும் சரி என்றுதான் சொல்வேன். உழைத்த காசு உழைத்தவனுக்கே. ரஸ்ஸலுக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு.

தப்பு எங்கே? சுதந்திரம் என்று நான் எழுதிய இடத்திலெல்லாம் என்னையும் சேர்த்துத்தான் நினைத்துக்கொண்டேன். அந்தப் பக்கங்களில் நான் இருந்தது உதாரணமாக மட்டும்தான்.

இதைத் தியாகராசாவிடம் சொல்லவில்லை. நளினி அவனுக்கு மோர்க்குழம்பு ஊற்றினாள். மூன்று பேரும் சாப்பிட்டோம், பாப்பா தூங்கிவிட்டாள்.

18 டிசம்பர், வெள்ளி

பம்பாய் விமானத்தில் ஏற்றிவிட்டு வந்தேன். கௌஸ் இரண்டு பாஸ்போர்ட்டுகளை எடுத்து வந்து கொடுத்தார், நளினியுடையது, பாப்பாவுடையது. மூன்றாவது ஆபீஸில்தான் இருக்கிறது.

பாப்பா, "அப்பா, ஆர் யூ நாட் கமிங்?" என்றாள். லீவு கிடைத்ததும் வருகிறேன் என்றேன். "வென்?" என்றாள். நளினி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகிற போக்கில் என்னிடம், "பல்லு வலிக்கு மருந்து, சட்டைப் பெட்டி மேல வெச்சிருக்கறனுங்க" என்றாள்.

ஃபிளாட் சாவியை ஒப்படைத்தாயிற்று. அழுதேன்.

26 டிசம்பர், சனி

தியாகராசாவின் அறையில் ஒரு கட்டில் காலியாக இருந்தது, வந்துவிட்டேன். இதுவும் அதே கராமாப் பேட்டைதான், நாங்கள் இருந்த வீட்டுக்குப் பின்தெரு. இங்கே ஐந்து பேர். வரிசையாகக் குளியல், முறை போட்டுச் சமையல், எனக்குப் புதன்கிழமை. ரசம் வைப்பேன் என்று நினைக்கிறேன்.

இன்று காலை தியாகராசா என்னை 'சேர்' என்று கூப்பிடவில்லை. "அண்ணை, தேத்தண்ணி ஆறுது" என்றான்.

9 ஜனவரி 1982, சனி

ரஸ்ஸல் வந்துவிட்டார். நல்ல மனுஷனாகத்தான் இருக்கிறார், அதுதான் பெரிய தொல்லை. வெறுக்க ஒரு காரணமாவது கொடுத்திருக்கலாம். மனைவி, மூன்று பிள்ளைகள், வில்லா. என் மேஜையைக் காலி செய்து ஸ்டோர் பக்கம் போட்டுக்கொண்டேன். அங்கிருந்து கிரேன் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும்.

20 ஜனவரி 1982, புதன்

மத்தியானம் ரஸ்ஸல் என் மேஜையைத் தேடி வந்தார், கையில் மூடி போட்ட கண்ணாடித் தட்டு.

"அந்த ரிப்போர்ட்டை எழுதியது நீங்கள்தான் என்று டாசன் சொன்னார். எனக்கு இவ்வளவு நாள் தெரியாது" என்றார். நான்கு வருஷமாக வரிக்குப் பயந்து குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, ஏதேதோ எண்ணெய் ரிக்கில் தனியாக இருந்தாராம். பிள்ளைகள் அப்பாவை மாமா மாதிரி பார்த்தார்களாம். இப்போதுதான் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். "இது என் மனைவி உங்களுக்காகச் செய்தது. உங்கள் குடும்பத்தோடு சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள்."

என் குடும்பம் ஊருக்குப் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அறைக்குக் கொண்டு வந்தேன். ஆப்பிள் போட்ட கேக். "என்ன விசேஷம், அண்ணை?" என்று தியாகராசா கேட்டான். ஜனாதிபதி பதவியேற்று இன்றோடு ஒரு வருஷம் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அவன் கத்தியைக் கழுவிக்கொண்டு வந்து ஐந்தாகப் பங்கிட்டான். பட்டை வாசனையோடு நன்றாக இருந்தது. தட்டில் ஒட்டியிருந்ததையும் வழித்துச் சாப்பிட்டேன்.

நாளைக்குத் தட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். யார் வீட்டுப் பாத்திரத்தையும் நளினி வெறுமனே திருப்பித் தரமாட்டாள். இந்த அறையில் வேறு என்ன இருக்கிறது? தியாகராசாவிடம் கேட்டு, ஒரு பிடி சர்க்கரை போட்டு மூடி வைத்திருக்கிறேன்.