செவஸ்தியின் ஓட்டலில் உனக்கு அறை இல்லை

ஜூன் 14, ஞாயிறு

அன்பு மகள் அர்கிரோவுக்கு அம்மா அனேசினா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் உன் அண்ணன் பந்தெலிஸ் குடும்பமும் பதினோரு ஆடுகளும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை கிராண்டும் என் பெயரை வைத்துக்கொண்டு திரிகிற அந்தக் குட்டி அனேசினாவும் மெல்போர்ன் குளிரில் மூக்கு ஒழுகாமல் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நடுவில் நீ கத்துவாய். கடிதத்தைப் பார்த்துக் கத்தினால் எனக்குக் கேட்காது. ஆகவே முதலில் உட்கார்ந்துகொள். மாப்பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வை, அவருக்கு நம் பாஷையில் ஒரு வரி புரியாவிட்டாலும் உன் கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.

விஷயம் இதுதான். ஆகஸ்ட் ஆறாம் தேதியிலிருந்து பதினெட்டு வரை துறைமுகத்தில் செவஸ்தியின் ஓட்டலில் நீ போட்டு வைத்திருந்த அறை இப்போது இல்லை. நான்தான் ரத்து செய்தேன். சரி, கத்தி முடித்துவிட்டாயா, மேலே படி. ஒன்பது வருஷம் கழித்து ஊருக்கு வருகிற மகள், அம்மா வீட்டுக்கு நாற்பது தப்படி தள்ளி ஓட்டலில் தங்கினால் நான் எந்த முகத்தோடு ரொட்டி வாங்கப் போவேன்? கப்பலிலிருந்து நீ பெட்டியை இறக்கி அந்தப் பக்கம் திரும்பின உடனேயே இங்கே ஒவ்வொரு ஜன்னலும் திறக்கும். வீட்டில் ஒரே குளியலறைதான் இருக்கிறது, மாப்பிள்ளைக்குக் குளிர்ந்த அறை வேண்டும், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றெல்லாம் நீ சொன்னாய். ஒரே குளியலறையில்தான் நீயும் உன் அண்ணனும் வளர்ந்தீர்கள், யாரும் அழுக்காகச் செத்துப்போகவில்லை. உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். உன் அப்பாவோடு ஒரே கூரையின் கீழ் காலை எழுந்து முகம் பார்க்க உனக்குப் பயம். அதை நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, குளியலறையின்மேல் பழியைப் போட்டோம்.

ரத்து செய்தது எப்படி என்று கேள். உன் அண்ணன் போனை எடுத்துக்கொண்டு கோழிக்கூண்டுக்குப் பின்னால் போய் மூக்கைப் பிடித்துக்கொண்டு செவஸ்திக்குப் பேசினேன். மெல்போர்னிலிருந்து அர்கிரோ பேசுகிறேன், பயணத் திட்டம் மாறிவிட்டது, அறை வேண்டாம் என்று நடுநடுவே 'ஓகே, ஓகே' போட்டு அழகாகத்தான் பேசினேன். அவளும் "சரிம்மா, பரவால்ல, எடுத்துடறேன்" என்றாள். அதோடு வைத்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா, "உங்க இடுப்பு வலி இப்ப தேவலையா, அந்தத் தைலம் தடவுறீங்களா" என்று கேட்டுவிட்டேன். அந்தத் தைலத்தைப் போன வாரம் நான்தான் கொடுத்தேன். உடனே செவஸ்தி சொன்னாள், "அனேசினா, மூக்கை விடு, மூச்சு முட்டிச் செத்துடாதே."

மறுநாள் காலை அவள் வீட்டுக்கே வந்துவிட்டாள். உன் அப்பா படகில் போயிருந்தார், நல்லவேளை. காப்பி குடித்தாள், என் திரைச்சீலையைக் குறை சொன்னாள், பிறகு விஷயத்துக்கு வந்தாள். "ஆகஸ்ட்ல அறை காலியாக் கிடந்தா எனக்கு நஷ்டமில்ல, ஆளுங்க வரிசையில நிக்கறாங்க. ஆனா உனக்காக நான் எதுக்குப் பொய் சொல்லணும்? பதினஞ்சாம் தேதி மாதா படத்துக்கு இந்த வருஷம் பூ அலங்காரம் நான் பண்றேன். நீ விட்டுக்குடு, நானும் வாயை மூடிக்கறேன்" என்றாள். உனக்குத் தெரியும், இருபத்தேழு வருஷமாக மாதா திருவிழாவுக்கு அந்தப் படத்தை நான்தான் அலங்கரிக்கிறேன். துளசியும் வெள்ளைப் பூவும் எப்படி வைத்தால் ஊர்வலம் முடிகிறவரை வாடாது என்று இந்தத் தீவில் எனக்குத்தான் தெரியும். செவஸ்தி வைத்தால் பிளாஸ்டிக் வைப்பாள், மின்மினி விளக்குகூடப் போடுவாள். ஒரு நாள் தவணை கேட்டேன். அன்று முழுக்கத் தொட்டித் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன், கடைசியில் தொட்டி வழிந்தது. மறுநாள் சரி என்று சொல்லிவிட்டேன். எனக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனால் மாதாவும் ஒரு தாய்தானே, பிள்ளை வீட்டுக்கு வர என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உன் அப்பாவிடமும் ஊரிடமும் சொன்ன கதை வேறு. ஓட்டலில் மாடிக் குழாய் உடைந்துவிட்டது, உன் அறையில் தண்ணீர் இறங்கிவிட்டது, செவஸ்தி பாவம் அழுதுகொண்டே ரத்து செய்தாள். நீயும் இதையே சொல். இதில் ஒரு சின்னச் சிக்கல் ஆகிவிட்டது. கதையைக் கேட்டு மேட்டுத் தெருவிலிருந்து குழாய்க்காரன் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உதவிக்கு வந்துவிட்டான், காசே வேண்டாம் என்கிறான். செவஸ்தி அவனை வாசலில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்துவிட்டு, மாடிக்குப் போய்ச் சுத்தியலால் தானே ஒரு குழாயை உடைக்க வேண்டியதாயிற்று. இப்போது என்னைப் பார்த்தாலே பல்லைக் கடிக்கிறாள். கோயிலில் மட்டும் சிரிக்கிறாள்.

இனி லிகாரியாக் கடற்கரை. அங்கே ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டும், குழந்தைக்குக் காட்ட வேண்டும் என்று நீ கேட்டாய் பார், அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் இவ்வளவும் செய்தேன். அது உன் இடம். ஒன்பது வருஷத்துக்கு முன் பத்திரம் எழுதின அன்று நீ எப்படி அழுதாய் என்பது என் காதில் இருக்கிறது. நம் தீவில் எல்லா வீட்டிலும் அப்படித்தானே செய்தார்கள், வெங்காயமும் பார்லியும் விளைகிற உள்நிலம் பையனுக்கு, கடலோரத்தில் ஒன்றும் விளையாத உப்புக் கல் நிலம் பெண்ணுக்கு. எனக்கும் கல்தான் கிடைத்தது, அதில் இன்றைக்கு ஓர் ஆடுகூட நிற்பதில்லை. ஆனால் நீ என்னைப் போல் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்கிறவள் இல்லை. துறைமுகத்தில் ஊரே பார்க்க, "அண்ணனுக்கு மண்ணு, எனக்குக் கல்லா, அதுல தலையை முட்டிக்கவா" என்று கேட்டாய். உன் அப்பா கையை நீட்டி, "பிடிக்கலைன்னா அதோ கப்பல் நிக்குது, ஏறு" என்றார். நீ ஏறிவிட்டாய். நான் அன்று வீட்டில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வரவில்லை, அப்பனும் மகளும் தீர்த்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன். அந்த மீனை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை அர்கிரோ. அதனால்தான் இப்போது கூப்பிடாத இடத்திலெல்லாம் மூக்கை நுழைக்கிறேன், மூக்கைப் பிடித்துக்கொண்டும் நுழைக்கிறேன்.

இன்றைக்கு நிலைமை என்ன தெரியுமா, உன் உப்புக் கல்லுக்கு எதிரே தினமும் மூன்று நாலு பாய்மரப் படகு வந்து நங்கூரம் போடுகிறது. வெள்ளைக்காரர்கள் தண்ணீரில் குதித்து, ஆ, ஊ என்கிறார்கள். பந்தெலிஸ் வெங்காயத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டு, "அம்மா, அவ வந்தா மாத்திக்கலாமான்னு சும்மா கேட்டுப் பாரேன்" என்கிறான். உன் அப்பாவோ காப்பிக் கடையில் உட்கார்ந்து, "எனக்கு அப்பவே தெரியும்யா, அதான் மகளுக்குக் குடுத்தேன்" என்று தீர்க்கதரிசி மாதிரி பேசுகிறார். நம்பாதே. அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. எல்லோரும் செய்தார்கள், அவரும் செய்தார், அவ்வளவுதான்.

ஆனால் இன்னொன்று இருக்கிறது, அதை நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. மே மாதம் நீ வருவதாகச் சொன்னதிலிருந்து அவர் தினமும் காலையில், தண்ணீருக்குள் பார்க்க அடியில் கண்ணாடி வைத்த வாளியையும் நீளக் கொக்கியையும் எடுத்துக்கொண்டு படகில் போகிறார். எங்கே என்றால், "கடல் முள்ளெலி பிடிக்க" என்கிறார். எதற்கு என்றால், "திங்கத்தான்" என்கிறார். நாற்பத்திரண்டு வருஷத்தில் அவர் ஒரு முள்ளெலி தின்று நான் பார்த்ததில்லை, வீட்டுக்கும் ஒன்றுகூட வரவில்லை. போன செவ்வாய்க்கிழமை பாறைக் குழியில் உப்பு அள்ளப் போகிற சாக்கில் ஆட்டுப் பாதையில் ஏறி மேலே இருந்து பார்த்தேன். லிகாரியாவில், நீ சின்ன வயதில் இறங்குவாயே பாறைகளுக்கு நடுவே அந்த வலது பக்க மணல் இறக்கம், அங்கே பேன்ட்டைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு நிற்கிறார். பாறையில் முள் பந்து மாதிரி ஒட்டிக்கிடக்கிற கறுப்பு முள்ளெலிகளை ஒவ்வொன்றாகக் கொக்கியால் எடுத்து வாளியில் போட்டு, படகில் கொண்டுபோய் முனைக்கு அப்பால் ஆழத்தில் கொட்டுகிறார். இதுவரை இருநூறாவது இருக்கும். அதன்பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் சின்னச் சின்ன அடியாக, ஐந்து வயசுக் குழந்தை நடக்கிற மாதிரி நடந்து பார்க்கிறார். ஏதாவது விட்டுப்போயிருந்தால் அவர் காலில் ஏறட்டும் என்று. எழுபத்தொரு வயது. மேலே நின்ற எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, உப்பு அள்ள மறந்து வெறும் பையோடு வந்தேன்.

சாயங்காலம் உள்ளங்காலை நீட்டினார். ஆலிவ் எண்ணெய் தடவி ஊசியால் ஐந்து முள் எடுத்தேன். இது எப்படி வந்தது என்றேன். "வலை தைக்கும்போது குத்திடுச்சு" என்றார். "இப்பல்லாம் கால்லதான் வலை தைக்கிறீங்களா" என்றேன். காலை மடக்கிக்கொண்டார். நேற்று தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தபோது எங்கோ பார்த்துக்கொண்டு, "அந்தக் குழந்தைக்குக் கால் எவ்வளவு பெருசு இருக்கும்" என்று கேட்டார். எதற்கு, லாடம் அடிக்கப் போகிறீர்களா என்றேன். "ரப்பர் செருப்பு வந்திருக்கு கடையில. சும்மாக் கேட்டேன்" என்று எழுந்து போய்விட்டார். இந்தக் கடிதத்தில் நீங்களும் ஒரு வரி எழுதுங்களேன் என்று இன்று காலை சொன்னேன். "கண்ணாடியைக் காணோம்" என்றார். கண்ணாடி அவர் மூக்கின்மேல் இருந்தது.

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேள். வியாழக்கிழமை கப்பல் வரும், அன்று தூங்குங்கள். வெள்ளிக்கிழமை சும்மா இருங்கள், சொந்தக்காரர்கள் வந்து குழந்தையின் கன்னத்தைக் கிள்ளித் துப்பிக் கண்ணேறு கழித்துவிட்டுப் போகட்டும். மாப்பிள்ளையிடம் முன்னாலேயே சொல்லி வை, அவர்கள் நிஜமாகத் துப்பமாட்டார்கள், சத்தம் மட்டும்தான், துடைக்கத் துணி எடுக்க வேண்டாம். சனிக்கிழமை லிகாரியா. ஆகஸ்ட்டில் வடகாற்று மதியத்துக்குமேல் முனையில் படகைத் தூக்கி அடிக்கும், ஆகவே எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். படகில் எல்லோருக்கும் இடம் இருக்காது. உண்மையில் இருக்கும், ஆனால் நான் தர்ப்பூசணியும் தண்ணீர்க் கேனும் போர்வையும் ஏற்றி இல்லாமல் செய்துவிடுவேன். ஆகவே நீயும் குழந்தையும் அப்பாவோடு படகில் போங்கள், நானும் மாப்பிள்ளையும் ஆட்டுப் பாதையில் நடந்து வருகிறோம். எஞ்சின் போடுகிற சத்தத்தில் இருவரும் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. இறங்கினதும் தர்ப்பூசணியை அலை தொடுகிற மணலில் புதை, மதியத்துக்குள் குளிர்ந்துவிடும். பார்லி ரொட்டி, தக்காளி, பாலாடைக்கட்டி நான் கொண்டு வருவேன். சாப்பிட்டபின் மூன்று மணி நேரம் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது, மாப்பிள்ளை டாக்டரையே கூட்டி வந்து சொன்னாலும் கூடாது. அவர் தோல் தயிர் மாதிரி வெள்ளை, போன வருஷப் படத்தில் பார்த்தேன், தொப்பியும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் அவரைக் கொண்டு வராதே.

அப்பாவிடம் எதுவும் கேட்காதே. பழைய பேச்சை எடுத்தால் அவர் வலை இருக்கிற பக்கம் ஓடிவிடுவார், உனக்கும் மூக்கு சிவந்துவிடும், சனிக்கிழமை பாழாகும். குழந்தையின் செருப்பைக் கழற்றி அந்த வலது பக்கத்தில் இறக்கி விடு. நீயும் வெறுங்காலோடு இறங்கு. அது போதும். அவர் புரிந்துகொள்வார்.

மாதாவின் கை உங்கள் மூன்று பேர் தலைமேலும் இருக்கட்டும், கடல் உங்களுக்கு எண்ணெய் மாதிரி அமைதியாக இருக்கட்டும், நான் கண்மூடுவதற்குள் அந்தக் குட்டி என் பெயரை என் காதில் சொல்லட்டும். குழந்தையின் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து மறக்காமல் அனுப்பு, போனில் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினாலும் சரி. செவஸ்தியைப் பார்த்தால் குழாயைப் பற்றி வருத்தம் தெரிவி.

முத்தங்களுடன்,
கோழிக்கூண்டுக்குப் பின்னாலிருந்து உனக்காகப் பேசிய
உன் அம்மா அனேசினா

அர்கிரோ, உன் அம்மா கடைக்கு அஞ்சல் தலை வாங்கப் போயிருக்கிறாள். அவள் எழுதினதில் ஒரு பிழை. இருநூறு இல்லை, முன்னூற்று நாற்பத்தாறு. குழாய்க் கதை பொய் என்று எனக்கு முதல் நாளே தெரியும். இடது பக்கப் பாறையில் இன்னும் கொஞ்சம் பாக்கி, ஐந்தாம் தேதிக்குள் முடித்துவிடுவேன். ஆறாம் தேதி துறைமுகத்தில் நிற்பேன். கப்பல் நின்றதும் இறங்கு.

அப்பா