படவேட்டில் நீட்டிய கை

5.9.2003, வெள்ளி

படவேடு கோயிலில் பெண் பார்த்தோம். பெண்ணின் அப்பா பட்டு நெசவாளர். என் வேலைதான் அவருக்குப் பிடிபடவில்லை. "கப்பல்ல வேலைன்றீங்க, அப்புறம் படகுன்றீங்களே?" என்றார்.

சொன்னேன். கரையோரம் ஆழமில்லாத ஊர்களில் சுற்றுலாக் கப்பல் தள்ளியே நங்கூரம் போடும். பயணிகளைச் சின்னப் படகில் கரைக்குக் கொண்டுபோவோம். அலையில் படகு ஏறி இறங்கும். அது மேலே வரும்போது கால் வைக்கச் சொல்லி, மணிக்கட்டைப் பிடித்து இறக்குவது என் வேலை. விரலைப் பிடித்தால் நழுவிவிடும்.

"பொம்பளைங்க கையையுமா?"

"ஆமாங்க. இல்லன்னா கடல்ல வுழுந்துடுவாங்களே."

அவர் முகம் சுருங்கிவிட்டது. அவள் சந்நிதியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்டாளா, தெரியவில்லை.

கிளம்பும்போது நல்ல மழை. கோயில் வாசலில் தண்ணீர் வாய்க்கால் போல ஓடியது. முதலில் தாண்டிய நான், பின்னால் வந்தவளுக்குப் பழக்கத்தில் கையை நீட்டிவிட்டேன், எல்லோர் முன்னாலும்.

அம்மா இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறாள். "கண்ணாலத்துக்கு முன்னாடியே கைய நீட்டிகினு நின்னா எவன்டா பொண்ணு குடுப்பான்?"

கொடுப்பார். அவள் என் விரலைத் தொடவில்லை. மணிக்கட்டை இறுகப் பிடித்துத் தாண்டினாள். பிறகு அவள் அப்பா பக்கம் திரும்பிச் சொன்னாள்:

"நழுவலப்பா."