தொட்டிக்குள் மாறாதது

6 ஆகஸ்ட் 1951, திங்கள்

காலையிலிருந்து மழை. பகா பட்டணத்திலிருந்து அரிசி லோரி போலீஸ் காவலோடு வந்தது. பிற்பகல் எங்கள் ரப்பர் தோட்டத்தின் மூன்றாம் டிவிஷன் பக்கம் வெடிச்சத்தம். ஆய்வறையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். பராசக்திக்கு ஏழாம் மாதம், தனியாக இருந்தாள். அமோனியா புத்தகத்தில் எழுத வேண்டியதை ஓடுமுன் எழுதிவிட்டேன்.

8 ஆகஸ்ட்

இரண்டாம் தொட்டி ரப்பர் பால் முழுவதும் தயிர்போல் உறைந்து கிடக்கிறது. உறையாமல் இருக்கத்தான் அமோனியா ஊற்றுகிறோம். யாரோ கந்தக அமிலத்தைக் கலந்துவிட்டார்கள், மலாயாக் காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகள் வேலை என்கிறார் இன்ஸ்பெக்டர். அமோனியா ஊற்றியவன் தோட்டத்துக் கூலி சன்னாசி. பத்து மணிக்கே அவனை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். எல்லோரும் தலை குனிந்து வேலையைப் பார்த்தார்கள். நானும்தான்.

9 ஆகஸ்ட்

சன்னாசியின் மனைவி முத்தாயி எங்கள் பின்வாசலில் நின்று, தோட்டத்துக் கணக்கனான என்னிடம் அழுதாள். "கிராணி ஐயா, அவரு அளந்துதானுங்க ஊத்துனாரு. அன்னிக்கு டிரம்மைத் தொறந்தப்ப கண்ணே எரியலைன்னு வீட்ல வந்து சொன்னாரு. நாடு கடத்திருவாங்களாமே! இங்கயே பொறந்தவரை எந்த ஊருக்குங்க அனுப்புவாங்க?" அழுகையில் ஏதேதோ சொன்னாள்.

அவள் போனதும் பராசக்தி கதவைச் சாத்தினாள். "இஞ்சாருங்கோ, இதுக்குள்ள தலையைப் போடாதேங்கோ. நாளைக்கு உங்களையும் ஏத்துவாங்கள்."

ஏற்றுவார்கள்தான். எனக்குப் பயமாக இருக்கிறது.

10 ஆகஸ்ட்

தொட்டியின் புளித்த நீரை ஒரு போத்தலில் எடுத்து வைத்தேன். ஏன் எடுத்தேன்? முத்தாயியின் முகம் போகவில்லை.

தொட்டிக்குள் பல வினைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. பால் தானே புளிக்கும். புளிப்பு அமோனியாவைத் தின்னும். பிறகு பால் திரளும். புளிப்பை மட்டும் அளந்தால் எது எதனால் வந்தது என்று தெரியாது. எல்லாம் சிக்கிய நூல். பிரித்து எழுத வேண்டும்.

உள்ளே என்ன நடந்தாலும் மாறாத தொகைகள் இரண்டு. ஒன்று கந்தகத்தின் மொத்தம். மற்றது அமோனியாவின் மொத்தம், உப்பாக மாறியதையும் சேர்த்து. மூடிய தொட்டி, வெளியிலிருந்து ஊற்றினால்தான் இவை கூடும். முதலாவது, அமிலம் வந்ததா என்று மட்டும் சொல்லும். இரண்டாவது, அமோனியா எவ்வளவு வந்தது என்று மட்டும் சொல்லும். ஒன்றுக்காக மற்றதைப் பார்க்க வேண்டியதில்லை.

தாள் முழுக்க எழுத்தும் எண்ணும் கோடுகளும். சோதனைக்கு வருபவர்கள் கண்டால் காட்டுக்கு அனுப்பும் சங்கேதம் என்பார்கள். மாவுத் தகரத்துக்கு அடியில் வைத்தேன்.

11 ஆகஸ்ட்

கந்தகம்: நல்ல பாலில் எப்போதும் இருக்கும் அளவுதான். அமிலம் யாரும் ஊற்றவில்லை! சன்னாசி மேல் குற்றமே இல்லை.

அமோனியா: இருக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு.

மறுபடி செய்தேன். மூன்றில் ஒரு பங்கு.

ஊற்றிய அளவு, டிரம்மிலிருக்கும் அமோனியாவின் பலம் — இரண்டையும் பெருக்கினால் தொகை. அளவு சன்னாசியின் வேலை. ஊற்றிய அளவுக்கு டிரம்மில் அவன் போட்ட சுண்ணாம்புக் கோடு சரியாக இருக்கிறது. பலத்தைச் சோதிப்பது என் வேலை.

திங்களன்று நான் டிரம்மைச் சோதிக்கவில்லை. போன வாரம் கண்ட பலத்தையே புத்தகத்தில் எழுதிவிட்டு ஓடினேன். மூடி தளர்ந்து, காரத்தில் பெரும்பங்கு ஆவியாகிப் போயிருக்கிறது.

ஐயோ. நான்தான்.

12 ஆகஸ்ட்

மூன்றாம் முறையும் அளந்தேன். அதே மூன்றில் ஒரு பங்கு.

13 ஆகஸ்ட்

நாளை பிற்பகல் சன்னாசியைத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோகிறார்களாம்.

சொன்னால் வேலை போகும். வேலை போனால் இந்த வீடும் போகும். வேணுமெண்டுதான் செய்தனி எண்டு இன்ஸ்பெக்டர் சொன்னால்? நானும் முகாம்தான். பிள்ளை எங்க பிறக்கும்? தொட்டிக்குள்ள இருக்கிறதையெல்லாம் பிரிச்சு எழுதிப்போட்டன். இந்தப் பயத்தை எதிலயிருந்து பிரிக்கிறது?

பராசக்தி எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு மாவுத் தகரத்தை நகர்த்தித் தாளை எடுத்து என் சட்டைப் பைக்குள் வைத்தாள்.

14 ஆகஸ்ட்

காலை ஏழு மணிக்குத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் அறை. இன்ஸ்பெக்டரும் இருந்தார். தாளை எடுத்து மேசைமேல் வைத்தேன். "இது என்ன ரகசிய எழுத்து?" என்றார் இன்ஸ்பெக்டர். துரை மேலிருந்து கீழே வரை பொறுமையாகப் படித்து, கடைசி வரியில், டிரம்மைச் சோதிக்காதவன் என்று நான் எழுதியிருந்த என் பெயர் மேல் விரலை வைத்தார். "நிச்சயமாகவா, அமிர்தலிங்கம்?"

நிச்சயம் என்றேன்.

29 ஆகஸ்ட்

வேலை போயிற்று. முகாம் இல்லை. சிரம்பானில் மைத்துனர் வீட்டுக்கு இன்று புறப்பட்டோம்.

விடுதலையான சன்னாசி வந்தான். இடது கண் இன்னும் வீங்கியிருக்கிறது. கேட்காமலே பெட்டிகளைத் தூக்கி லோரியில் வைத்தான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டிரம்மில் காரம் போயிருந்தது உனக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

"தெரியுமுங்க. காரம் இருந்தா கண்ணு எரியும், அன்னிக்கு எரியலையே. போலீசுகிட்ட முத நாளே சொன்னேன். கூலிக்காரன் கண்ணை யாரு நம்புவா லா?"

லோரியில் இந்தக் குறிப்பைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஒன்பதாம் தேதி. முத்தாயி சொன்னதை என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன்.