தூசிக்கு ஊதிய சைரன்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். என் மானம் மட்டும் கொஞ்சம் சுகமில்லை. போன வாரம், காட்டில் தீப் பிடிக்கிறதா என்று பார்க்கும் என் காவல் கோபுரத்தில் நின்றுகொண்டு, தெற்கே புகை என்று சைரனை அழுத்திவிட்டேன். தெருவே திரண்டு ஓடி வந்தது. எதிர் வீட்டுக்காரர் கன்னத்தில் சவர நுரை, பக்கத்து வீட்டு அக்கா கையில் துடைப்பம். போய்ப் பார்த்தால் நாற்று ஏற்றி வந்த லாரி கிளப்பிய தூசி. "பெரியவரே, அடுத்த தடவை கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஊதுங்க" என்றார் எங்கள் தைல மரத் தோட்டத்து மேலாளர். தெருப் பிள்ளைகள் இப்போது என்னைத் தூசித் தாத்தா என்கிறார்கள். உன் அம்மா அவர்களை அதட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறாள்.

விமான டிக்கெட் எடுக்கும்போது, அது விடுகிற புகைக்கு ஈடாக மரம் நடவும் சேர்த்துக் கட்டினேன் என்றாயே, அந்த மரம் இங்கேதான் எங்கேயாவது நிற்கும். வானத்தில் விமானங்கள் விடுவதை எங்கள் தைல மரங்கள் குடிக்கின்றனவாம். அறிவியல் வகுப்பில் தூங்கினவனுக்கு விளங்கியது அவ்வளவுதான். ஆனால் இலையில் எண்ணெய் இருப்பது மூக்குக்கே தெரிகிறது. மழை தவறிய இந்த வருஷம், மத்தியானமானால் காடே மருந்துக்கடை மாதிரி மணக்கிறது. சருகு காலடியில் படபடவென்று நொறுங்குகிறது.

காட்டுக்கும் நம் வீடுகளுக்கும் நடுவே, லாரி திரும்புகிற அகலத்துக்கு வெட்டவெளி இருந்தது ஞாபகமிருக்கிறதா? நெருப்பு வந்தால் தாண்டக்கூடாதென்று விட்டது. பள்ளத்தில் நட்ட கன்றுகள் அழுகிப்போனதும், மரக் கணக்குக் குறையக்கூடாதென்று கம்பெனிக்காரர்கள் அந்த வெட்டவெளியிலேயே நட்டுவிட்டார்கள். இப்போது அவை நம் சமையலறை ஜன்னலை உரசுகின்றன. வெட்டிவிடலாமே என்று மேலாளரிடம் கேட்டேன். "வானத்துலேருந்து படம் எடுத்து மரத்த எண்ணுறாங்க. ஒரு மரம் குறைஞ்சாலும் எனக்கும் வேலை இல்ல, உங்களுக்கும் இல்ல. மழை வந்துடும், சும்மா இருங்க" என்றார். கெட்டவர் இல்லை. சொல்லும்போது அவருக்கும் வேர்த்திருந்தது.

இனி எழுதுவது உனக்கு மட்டும். போனில் சொல்லலாமென்றால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள்.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் புகை. நம் வீடுகளுக்குப் பின்னால், நூல் மாதிரி. சைரனில் கை வைத்தேன். இதுவும் தூசியாக இருந்தால்? இன்னொரு தடவை ஊரே சிரித்தால்? கையை எடுத்துவிட்டு, இறங்கிப்போய் ஒரு பார்வை பார்க்கலாமே என்று படியிறங்கினேன். உன் அப்பனின் புத்தி அவ்வளவுதான். போய் நின்றபோது நெருப்பு இடுப்பளவு எழும்பியிருந்தது. தண்ணீர் லாரி டிரைவர் அந்த வழியாக வராமல் போயிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. அவர் குழாயைத் திறந்துவிட, நான் ஈரச் சாக்கால் அடிக்க, ஒருவழியாக அணைந்தது. கருகிய இடம் நம் கூடத்தின் அளவுதான். ஆனால் அங்கிருந்து எட்டி நம் கொல்லைக் கதவைத் தொடலாம். கதவுக்கு அந்தப் பக்கம் உன் அம்மா, நீங்கள் வருகிறீர்கள் என்று போர்வைகளை உதறி மடித்தபடி பாடிக்கொண்டிருந்தாள்.

மேலாளரை அழைத்துவந்து காட்டினேன். பார்த்துவிட்டு, "பயப்பட ஒண்ணுமில்ல" என்றார். அன்று சாயங்காலமே பெண்டாட்டி பிள்ளைகளை மச்சான் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

எனக்கு ஒரு புருவம் பொசுங்கிப்போயிற்று. "திரும்பவும் சிகரெட்டா? இந்த வயசுல வெட்கமா இல்ல?" என்று அம்மா பிடித்துக்கொண்டாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அதிலிருந்து என்னோடு பேச்சுவார்த்தை இல்லை. இருக்கட்டும். உண்மை தெரிந்தால் என்னை விட்டு ஓரடி நகர மாட்டாள். இங்கிருந்து வெளியே போக ஒரே சாலை. அதுவும் அந்த மரங்களுக்கு நடுவில்தான்.

அதனால் நான் சொல்கிறபடி செய், கண்ணு. விடுமுறைக்குக் குட்டியைக் கூட்டிக்கொண்டு இங்கே வராதே. லீவு கிடைக்கவில்லை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, அம்மாவை உடனே அனுப்புங்கள் என்று போன் செய். கொஞ்சம் அழுதால் இன்னும் நல்லது. உனக்கு நடிப்பு வராது, என் ரத்தமாயிற்றே. ஆனாலும் முயன்று பார். மாப்பிள்ளையிடமும் சொல்லிவை, உளறிவிடப் போகிறார். நல்ல மழை பெய்து காடு நனையட்டும், அப்புறம் எல்லோருமாக வாருங்கள். அதுவரை கோபுரத்தில் நான் இருக்கிறேன். இனி தூசியைக் கண்டாலும் ஊதுவேன், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் ஒரு குறையுமில்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

நேற்று உன்னிடம் தனியாகப் பேசத்தான் கோபுரத்திலிருந்து கூப்பிட்டேன். உன் குரலைக் கேட்டதும், சாப்பிட்டாயா என்பதைத் தவிர எதுவும் வரவில்லை. "நீங்களும் அம்மாவும் கொஞ்ச நாள் இங்க வந்து இருங்களேன்ப்பா" என்றாய். கோபுரத்துக்கும் சேர்த்து டிக்கெட் எடு, வருகிறேன் என்றேன். நீ சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். வைத்த பிறகும் போன் காதிலேயே இருந்தது. நீ இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால், சரி, நானும் வருகிறேன் என்று சொல்லியிருப்பேன்.

அன்புடன்,
அப்பா