சுவரில் புறா எச்சம், ஏணியில் அப்பா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் உன் குரலைக் கேட்டுக்கொண்டே இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. தெருவில் யாரோ எடுத்த வீடியோ உனக்கும் வந்திருக்குமோ என்று வேறு பயம்.

மாடி சன்ஷேடில் புறாக்கள் குடியேறியதைச் சொல்லியிருந்தேன் அல்லவா, தெருப்பக்கச் சுவர் முழுக்க எச்சம் வழிந்து, சுண்ணாம்பு வாளியைக் கவிழ்த்த மாதிரி ஆகிவிட்டது. ஆளைக் கூப்பிடுங்கள் என்று நீயும் சொன்னாய், அம்மாவும் தலைபாடாக அடித்துக்கொண்டாள், நான் கேட்டேனா? எலக்ட்ரீஷியனிடம் நீள ஏணியை இரவல் வாங்கி, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறிவிட்டேன். காய்ந்ததை அப்படியே சுரண்டினால் தூசி நெஞ்சுக்குள் போய்விடும் என்று சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஊறவிட்டு, பிளாஸ்டிக் தகட்டால் வழித்தேன். பெயிண்ட்கூட உரியவில்லை. கீழே நின்றவர்களிடம் பெருமை வேறு பேசிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு புறா என் முகத்துக்கு நேராகப் படபடவென்று பாய்ந்தது. விழவில்லை, ஆனால் கீழே பார்த்துவிட்டேன். அவ்வளவுதான், கை கால் விறைத்துப்போய், ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டேன். கூட்டம் சேர்ந்தது, ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள், பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் "மூச்ச இழுத்து விடுங்க சார்" என்றார், ஏறத்தான் யாரும் இல்லை.

ஏறியது உன் அம்மா. செருப்பை உதறிவிட்டு, "ஏணியக் கெட்டியா பிடிங்க" என்று அவர்களை அதட்டிவிட்டு வந்துவிட்டாள். எனக்குக் கீழ்ப்படியில் நின்று என் கணுக்காலைப் பிடித்து ஒவ்வொரு படியிலும் வைத்து, "இதோ இங்க, அடுத்தது, அவ்வளவுதான்" என்று உனக்கு நடை பழக்கின குரலில் சொல்லிச் சொல்லி இறக்கினாள். ஏணியில் மாட்டியிருந்த வாளியிலிருந்து சிந்திய எச்சத் தண்ணீரெல்லாம் அவள் தலையில். தரையில் கால் பட்டதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "உன்ன யாருடி ஏறச் சொன்னது? நானே இறங்கியிருப்பேன்ல" என்று கத்தினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. அவள் உள்ளே போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். வெளியே வந்தவள், "கை இன்னும் நடுங்குது, உக்காருங்க" என்றாள். மன்னிப்புக்கூடக் கேட்காமல் நானும் உட்கார்ந்துவிட்டேன், அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

நேற்று கயிறு கட்டி இறங்கும் ஆட்கள் வந்து மீதியைக் கழுவி, சன்ஷேடுக்கு வலையும் போட்டார்கள். வேடிக்கை பார்க்க அதே கூட்டம். அவர்கள் முன்னால் வைத்துத்தான் சொன்னேன், "நான் பயந்துட்டேன், இவதான் இறக்கினா, இவளப் பாத்துக் கத்தினது என் தப்பு." அம்மா முகம் சிவந்து, "தள்ளி நில்லுங்க, மேலேருந்து தண்ணி சொட்டுது" என்று என்னை ஓரமாக இழுத்தாள். இழுத்த கையை உடனே விடவில்லை.

நீங்கள் மூவரும் நீண்ட நாள் நன்றாக இருங்கள். அம்மா உன்னிடம் இதைப் பற்றி மூச்சு விட்டிருக்க மாட்டாள், என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைப்பு. அவள் முழங்கையில் ஏணி உரசின காயம் இருக்கிறது. நான் கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். மறக்காமல் நீ கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா